ஆய்வகத்தில் வளரும் தோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதச் செல்களிலிருந்து தோலை வளர்த்து, அதைத் தோல்நோய் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மாணவர்கள், தோல் மருத்துவர்கள், புதிதாக ஆய்வகம் தொடங்குகிறவர்கள், சில சமயம் நோயாளிகள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். தோலை வளர்ப்பது பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. வளர்த்ததை இன்னொருவர் கையில் கொடுப்பது பற்றிய பேச்சு குறைவாக இருப்பதால், அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தோல் மாதிரி என்று எதைச் சொல்கிறீர்கள்?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் ‘மாதிரி’ என்றால் உடலிலிருந்து பரிசோதனைக்கு வெட்டியெடுத்த துண்டையும் சொல்லலாம், அசலைப் போலச் செய்த ஒன்றையும் சொல்லலாம். இங்கே நான் பேசுவது இரண்டாவதை. வெட்டியெடுத்ததைத் ‘தோல் துண்டு’ என்றே எழுதுகிறேன்.

தோல் மாதிரி என்பது மனிதத் தோல் செல்களை வைத்து ஆய்வகத்தில் அடுக்கடுக்காகக் கட்டிய ஒரு சிறு திசு. பெரும்பாலும் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மேல்தோலை மட்டும் வளர்த்தால் அதற்குக் கெரட்டினோசைட் என்ற செல் வகை ஒன்றே போதும். அடித்தோலும் வேண்டுமென்றால் கீழே கொலாஜன் என்ற புரதத்தின் கூழில், அடித்தோலைக் கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைப் பதித்து, அதன்மேல் கெரட்டினோசைட்களை வளர்ப்போம். நிறமி வேண்டுமென்றால் மெலனோசைட்களையும் சேர்ப்போம்.

தட்டில் செல்களைப் பரப்பிச் சோதித்தால் போதாதா? இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

சில கேள்விகளுக்குத் தட்டே போதும். ஆனால் தோலின் முக்கியமான வேலை, வெளியே இருப்பதை வெளியேயும் உள்ளே இருப்பதை உள்ளேயும் நிறுத்துவது. அந்த வேலையைச் செய்வது மேற்புறத்தில் இருக்கும் இறந்த செல்களின் அடுக்கும், அந்தச் செல்களுக்கு இடையே சாந்து பூசியது போல நிறைந்திருக்கும் கொழுப்புகளும். தட்டில் மீடியம் என்ற சத்துத் திரவத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் ஒற்றை அடுக்குச் செல்களுக்கு இந்தத் தடுப்பு கிடையாது. ஒரு களிம்பை அதன்மேல் போட்டால் செல்கள் உடனே சாகும்; நிஜத்தோலில் அதே களிம்பு ஒன்றுமே செய்யாமல் போகலாம். இன்னொன்று, களிம்பையும் பவுடரையும் மீடியத்தில் கரைத்தால்தான் தட்டில் சோதிக்க முடியும். தோல் மாதிரியில் நாம் தடவுவது போலவே மேலே தடவலாம்.

இது எப்போது தொடங்கியது?

1975இல் ஜேம்ஸ் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் என்ற இருவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரு வழி கண்டார்கள். பெருகாதபடி கதிர்வீச்சு கொடுத்த எலி ஃபைப்ரோபிளாஸ்ட்களை விரித்து, அவற்றின் துணையோடு மனிதக் கெரட்டினோசைட்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் காட்டினார்கள். அதுவரை இந்தச் செல்கள் கொஞ்ச நாளில் நின்றுவிடும். 1981இல் யூஜின் பெல்லின் குழு, ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கலந்த கொலாஜன் கூழை அடித்தோலாக வைத்து இரண்டு அடுக்குத் தோலை அறிவித்தது. 1983இல் பிரான்ஸில் ப்ரூனியெராஸும் சக ஆய்வாளர்களும், திசுவின் மேற்பரப்பைக் காற்றில் திறந்துவிட்டால் அது முறையாக முதிர்கிறது என்று எழுதினார்கள். இன்று நாங்கள் செய்வதெல்லாம் இந்த மூன்று வேர்களிலிருந்து வந்ததுதான்.

எப்படி வளர்க்கிறீர்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

அறுவை சிகிச்சையில் மீந்த தோல் துண்டு எங்களிடம் வரும். கொழுப்பை வழித்துவிட்டு, சிறு பட்டைகளாக வெட்டி, டிஸ்பேஸ் என்ற நொதியில் குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுக்க ஊறவைப்போம். மறுநாள் காலை இரண்டு ஃபோர்செப்ஸால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் ஒரு மெல்லிய படலமாக உரிந்து வரும். அதை டிரிப்ஸின் என்ற இன்னொரு நொதியில் கலைத்தால் கெரட்டினோசைட்கள். கீழே மிஞ்சிய அடித்தோலிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட்கள்.

அடுத்து, செல்களைப் பெருக்க வேண்டும். இங்கே கால்சியம்தான் லகான். மீடியத்தில் கால்சியம் மிகக் குறைவாக, 0.1 மில்லிமோலாருக்குக் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) கீழே இருக்கும்வரை கெரட்டினோசைட்கள் பெருகிக்கொண்டே இருக்கும். 1.2 மில்லிமோலார் அளவுக்கு உயர்த்தினால் ‘சரி, இனி தோலாவோம்’ என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு முதிரத் தொடங்கும்.

பெருகிய செல்களை இன்சர்ட் என்ற குட்டிக் கிண்ணத்தில் விதைப்போம். அதன் அடிப்பக்கம் 0.4 மைக்ரான் துளைகள் உள்ள சவ்வு. ஓரிரு நாள் மீடியத்துக்குள் மூழ்கியிருக்கும். பிறகுதான் காற்றுக்குத் தூக்குவது. மேலேயுள்ள மீடியத்தை உறிஞ்சியெடுத்துவிட்டு, கீழிருந்து மட்டும் சவ்வைத் தொடும் அளவுக்கு மீடியத்தை விட வேண்டும். இனி இந்தத் தோலுக்குச் சத்து கீழிருந்து, காற்று மேலிருந்து. 37 டிகிரி, 5 சதவீதக் கரியமில வாயு, ஒன்றிரண்டு நாளுக்கொருமுறை மீடியம் மாற்றம், வைட்டமின் சி. இப்படி 10 முதல் 14 நாள்.

இந்த நாட்களில் நான் கருவி எதையும் பார்ப்பதற்கு முன்னால் கண்ணைத்தான் நம்புவேன். தூக்கிய முதல் நாள் மேற்பரப்பு ஈரமாக, கண்ணாடி போல மினுங்கும். நாலைந்து நாளில் அந்த மினுக்கம் மங்க வேண்டும். பத்தாம் நாள் வாக்கில் மேற்பரப்பு வெண்மை கலந்து, மங்கி, எண்ணெய்த்தாள் போல ஆகியிருக்கும். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால் துளி ஈரம் தெரியக் கூடாது. ஓரத்தில் மட்டும் பளபளப்பு இருந்தால் அங்கே மீடியம் மேலே கசிகிறது என்று அர்த்தம். அந்தத் தோல் தேறாது. நான் கற்றுக்கொண்ட காலத்தில் இந்த ஓரக் கசிவால் ஒரு மாத வேலையை முழுசாகக் குப்பையில் போட்டிருக்கிறேன். இன்சர்ட்கள் உட்காரும் தட்டின் குழிகளில், அதாவது எங்கள் பேச்சில் கிணறுகளில், மீடியத்தைச் சொட்டுக் கணக்கில் கூடுதலாக ஊற்றியதுதான் காரணம். எந்தச் செய்முறைக் குறிப்பிலும் ‘அதிகமாக ஊற்றாதே’ என்று எழுதியிருக்கவில்லை.

அந்தச் செல்கள் யாருடையவை? கொடுத்தவருக்குத் தெரியுமா?

தெரிந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பொதுவாக வயிற்றுத் தோல் குறைப்பு, மார்பகக் குறைப்பு, முன்தோல் நீக்கம் போன்ற அறுவைகளில் மிஞ்சும் தோல்தான் பயன்படுகிறது. இல்லாவிட்டால் அது எரியூட்டப்படும் கழிவு. கழிவுதானே என்று எடுத்துக்கொள்ள முடியாது. என்ன ஆராய்ச்சி, எவ்வளவு காலம் வைத்திருப்போம், வேறு ஆய்வகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் தருவோமா, மரபணுத் தகவலைப் படிப்போமா என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்ச் செல்கள் அவருக்குத் தெரியாமலே எடுக்கப்பட்டு, ஹீலா என்ற பெயரில் உலகெங்கும் போனது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அவருடைய குடும்பத்துக்கு விஷயம் தெரியவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பகிர்வதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சம்மதப் படிவத்தில் ‘இந்த ஆய்வகத்தில் மட்டும்’ என்று ஒரு வரி இருந்துவிட்டால், பிற்பாடு எவ்வளவு அருமையான செல் வரிசை (ஒரே மூலத்திலிருந்து பெருக்கிவரும் செல்கள்) கிடைத்தாலும் அதை வெளியே கொடுக்க முடியாது. முதல் நாளிலேயே படிவத்தைச் சரியாக எழுதுங்கள்.

ஒவ்வொரு முறையும் புதுத் தோல் துண்டு வேண்டுமா? சாகாத செல் வரிசைகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. அதிகம் பேர் வைத்திருப்பது ஹாகேட். 1988இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் ஒரு 62 வயது ஆணின் தோலிலிருந்து கிடைத்தது, தானாகவே சாகாநிலை அடைந்தது. வளர்க்கச் சுலபம், எல்லா ஊரிலும் கிடைக்கும். ஆனால் காற்றுக்குத் தூக்கினால் முழுமையாக முதிராது. இறந்த செல் அடுக்கு அரைகுறையாகவே வரும். தடுப்புத்திறன் பற்றிய கேள்விக்கு ஹாகேட்டை நம்பிப் பதில் சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை. செல்லைக் களைக்காமல் பெருக வைக்கும் டெலோமரேஸ் என்ற நொதியின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய என்டெர்ட் வகைக் கெரட்டினோசைட்கள் இதில் எவ்வளவோ மேல்: அடுக்கும் ஒழுங்காக வரும், நீண்ட காலம் பெருகும், ஒரே செல்லைப் பல ஆய்வகங்கள் வைத்துக்கொண்டு ஒப்பிடலாம்.

நேரடியாக மனிதரிடமிருந்து வந்த செல்கள் சில பாசேஜுக்குப் (புதுத் தட்டுக்கு மாற்றிப் பெருக்கும் சுற்றுக்கு) பிறகு களைத்துவிடும். ஆனால் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டை அவைதான் காட்டும். எனவே, செய்முறையைச் சரிபார்க்க நிலையான செல் வரிசை, முடிவை உறுதிசெய்யப் பல நன்கொடையாளரின் செல்கள் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே என் பழக்கம்.

வளர்ந்த தோல் நன்றாக வந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெட்டிப் பார்க்க வேண்டும். மெல்லிய சீவல் எடுத்து, ஹீமடாக்ஸிலின்-இயோசின் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கீழே தூண்களாக நிற்கும் அடிச்செல்கள், அதற்கு மேல் அகன்ற செல்கள், பிறகு கருநீலப் புள்ளிகள் உள்ள துகளடுக்கு, உச்சியில் கூடை பின்னியது போல இறந்த செல் அடுக்கு எல்லாம் தெரிய வேண்டும். கெரட்டின் 14 கீழே மட்டும், கெரட்டின் 10 அதற்கு மேலே, ஃபிலாக்ரினும் லோரிக்ரினும் உச்சிக்குக் கீழே என்று புரதங்கள் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பார்ப்போம்.

உருவம் அழகாக இருந்துவிட்டால் போதாது. தடுப்பு வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சோப்பு வகைப் பொருளை 1 சதவீதக் கரைசலாக மேலே விட்டு, செல்களில் பாதி சாக எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அளக்கிறோம். தடுப்பு மோசமென்றால் சீக்கிரமே செத்துவிடும். நல்ல மேல்தோல் மாதிரி சில மணி நேரம் தாங்கும். செல் உயிரோடிருப்பதை எம்டிடி என்ற மஞ்சள் சாயம் காட்டும்: உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றிவிடும். உயிருள்ள தோல் வட்டம் அடர் ஊதாவாகவும், செத்தது வெளிறிய மஞ்சளாகவும் பக்கத்துப் பக்கத்துக் கிணற்றில் இருப்பதைப் பார்த்துவிட்டால் அந்தக் காட்சி மறக்காது.

நிஜத்தோலுக்கு இது ஈடாகுமா?

ஆகாது. நேர்மையாகச் சொல்வதென்றால் இன்னும் தூரம் இருக்கிறது. வழக்கமான மாதிரியில் ரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை, முடி இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை, நோயெதிர்ப்புச் செல்கள் இல்லை. தடுப்புத்திறனும் நிஜத்தோலைவிடக் குறைவு. பொருள்கள் கொஞ்சம் சுலபமாக உள்ளே போய்விடும். நம் தோல் தினமும் உதிர்கிறது, மாதிரியில் உதிர்வது சரியாக நடப்பதில்லை. ஆகவே இறந்த அடுக்கு மேலே தடித்துக்கொண்டே போகும், உயிருள்ள அடுக்கு மெலியும். இரண்டு மூன்று வாரத்துக்குள் பரிசோதனையை முடித்தாக வேண்டும்.

இந்தக் குறைகளைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்டால் மாதிரி நல்ல பதில் தரும். ‘இந்த ரசாயனம் மேல்தோலை அரிக்குமா’ என்று கேளுங்கள், சொல்லும். ‘ஐந்து வருடம் தடவினால் ஒவ்வாமை வருமா’ என்று கேட்டால் அதற்கு இது இடமில்லை.

சோரியாசிஸ், எக்சிமா போன்ற நோய்களை இதில் உருவாக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மீடியத்தில் இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-22, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சித் தூதுகளைச் சேர்த்தால் மேல்தோல் சோரியாசிஸ் சாயலில் தடிக்கும், அந்த நோயில் காணும் மரபணு மாற்றங்கள் தெரியும். இன்டர்லூகின்-4, 13 சேர்த்தால் எக்சிமா போலத் தடுப்பு தளரும். ஃபிலாக்ரின் மரபணுவை அடக்கியும் எக்சிமாவின் ஒரு பக்கத்தைப் பார்க்கலாம். நோயாளியின் செல்களையே வைத்து வளர்ப்பது இன்னொரு வழி. கொப்புளத் தோல் நோய், மீன்செதில் தோல் போன்ற பரம்பரை நோய்களுக்கு இதுதான் பொருத்தம்.

ஆனால் தூதுப் பொருளை நாம் ஊற்றி வரவழைத்த அழற்சி வேறு. டி-செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் புகுந்து, போய், திரும்ப வந்து ஆண்டுக்கணக்கில் நடத்தும் நோய் வேறு. ‘சோரியாசிஸ் மாதிரி’ என்று தலைப்பிட்ட கட்டுரையைப் படிக்கும்போது எதைச் சேர்த்தார்கள், எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள்.

விலங்குச் சோதனைக்கு இது உண்மையிலேயே மாற்றாகியிருக்கிறதா?

சில சோதனைகளில் ஆகியிருக்கிறது. 1944இல் ஜான் டிரெய்ஸ் எழுதிய முறைப்படி, முயலின் சிரைத்த முதுகில் ரசாயனத்தை வைத்துச் சிவப்பையும் வீக்கத்தையும் மதிப்பெண் போடுவதுதான் பல பத்தாண்டு வழக்கம். இப்போது பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் ஓஇசிடி அமைப்பு வெளியிடும் வழிகாட்டி 431 (2004) தோலை அரித்து அழிக்கும் தன்மைக்கும், வழிகாட்டி 439 (2010) தோல் எரிச்சலுக்கும் வளர்த்த மனித மேல்தோலை ஏற்கின்றன. 439இல் விதி எளிது: பொருளை வைத்துக் கழுவி, 42 மணி நேரம் விட்டு எம்டிடி பார்க்க வேண்டும். செல்களில் 50 சதவீதமோ அதற்குக் கீழோ மட்டுமே உயிரோடிருந்தால் எரிச்சலூட்டும் பொருள். அழகுசாதனப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையை ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் நிறுத்தி, 2013இல் விற்பனைத் தடையையும் முழுமையாக்கியது இந்தத் துறையை வேகமாகத் தள்ளியது.

மாற்று என்கிறீர்கள், ஆனால் மீடியத்தில் மாட்டு சீரமும் எலிவால் கொலாஜனும் இருக்கிறதே?

நியாயமான கேள்வி, கேட்பவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. கன்றின் கருவின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் இன்னும் பல ஆய்வகங்களில் இருக்கிறது. மேல்தோல் மாதிரிகளுக்குச் சீரமே தேவையில்லை; செயற்கைச் சவ்வில் வளர்ப்பதால் கொலாஜனும் வேண்டாம். அடித்தோல் வளர்க்கும்போதுதான் சிக்கல். அங்கே மனித ரத்தத் தட்டணுக்களிலிருந்து எடுத்த சத்து, ஃபைப்ரோபிளாஸ்ட்களே சுரந்து கட்டும் தளம் போன்ற வழிகள் இருக்கின்றன. நாங்கள் சீரத்தை விட்டு மாறியபோது அடித்தோலின் சுருக்கம் மாறிவிட்டது, கூழின் அடர்த்தியை மறுபடி சீர்படுத்த வேண்டியிருந்தது. சிரமம்தான். ஆனாலும் மாறுவது நல்லது; சீரம் லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) வேறுபடுவதால் முடிவுகளும் தடுமாறும்.

கருந்தோலுக்கு மாதிரி இருக்கிறதா?

இருக்கிறது, போதாது. மெலனோசைட் சேர்த்த நிறமி மாதிரிகளை வெவ்வேறு நிறமுள்ளவர்களின் செல்களிலிருந்து வளர்க்கலாம்; இரண்டு வாரத்தில் வெறும் கண்ணுக்கே நிற வேறுபாடு தெரியும். ஆனால் நன்கொடையாளரின் நிறம் என்ன என்பதையே குறிப்பிடாமல் எத்தனையோ ஆய்வுகள் வெளிவருகின்றன. புண் ஆறிய பின் வரும் கருமை, தழும்பு தடித்துப் போகும் கீலாய்டு ஆகியவை கருந்தோலில் அதிகம். வெளிறிய தோலின் செல்களை மட்டும் வைத்து இதற்கு மருந்து தேடினால் யாருக்கு வேண்டுமோ அவருக்கு அது போய்ச் சேராது. செல் வங்கியில் நிறமும் உடலின் எந்த இடத் தோல் என்பதும் பதிவாக வேண்டும் என்று நான் கெஞ்சாத கூட்டமில்லை.

சரி, ‘பகிர்வது’ என்றால் எதைப் பகிர்வது? தோலையா, செய்முறையையா?

மூன்று வகை உண்டு. உறைய வைத்த செல்களைக் கொடுக்கலாம், வளர்ந்த தோலையே அனுப்பலாம், செய்முறையைக் கொடுக்கலாம். பலர் முதல் இரண்டையும் கொடுத்துவிட்டுப் பகிர்ந்தாயிற்று என்று நினைக்கிறார்கள். எனக்கு மூன்றாவதுதான் முக்கியம். ஒரே ஆய்வகத்தில், ஒரே ஆளின் கையில் மட்டும் வளரும் தோலை வைத்து மற்றவர்கள் எதையும் சரிபார்க்க முடியாது. அந்த ஆள் படிப்பை முடித்துப் போனால் தோலும் போய்விடும். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஆளிடம் இருந்தது கைப்பக்குவம். பகிர்வது என்றால் அந்தக் கைப்பக்குவத்தை எழுத்துக்குக் கொண்டுவருவது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கைப்பக்குவத்தை எப்படி எழுத முடியும்?

முழுக்க முடியாது, ஆனால் நினைப்பதைவிட நிறைய முடியும். ஆய்வுக் கட்டுரையில் ‘செல்கள் இன்சர்ட்டில் விதைக்கப்பட்டு 14 நாள் காற்று-திரவ எல்லையில் வளர்க்கப்பட்டன’ என்று ஒரே வரி இருக்கும். அதைப் படித்து ஒருவராலும் தோல் வளர்க்க முடியாது.

எழுத வேண்டியவை என்னென்ன? சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை செல். விதைத்தபோது எத்தனையாவது பாசேஜ். இன்சர்ட்டின் வகையும் தயாரிப்பும். கொலாஜனின் லாட் எண். கூழ் இறுக எத்தனை நிமிடம். எந்தக் கிணற்றில் எத்தனை மில்லிலிட்டர். மீடியத்தை மாற்றும் நேரம். கால்சியம் எவ்வளவு என்று எழுதும்போது அடிப்படை மீடியத்தில் ஏற்கெனவே இருப்பதையும் கூட்டிச் சொன்னீர்களா என்று தெளிவாக்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஆய்வகங்கள் மாதக்கணக்கில் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் தவித்ததுண்டு.

அப்புறம், ஒவ்வொரு கட்டத்திலும் எப்படித் தெரிய வேண்டும், எப்படித் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பதை எழுதுங்கள், படமும் போடுங்கள். நன்றாக வந்ததன் படம் மட்டும் போதாது. ஓரம் கசிந்தது, நடுவில் ஓட்டை விழுந்தது, அடித்தோல் சுருங்கி இன்சர்ட்டின் சுவரிலிருந்து விலகியது என்று கெட்டுப்போனவற்றின் படங்கள்தான் புதிதாகக் கற்பவரைக் காப்பாற்றும். கைபேசியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ பத்துப் பக்கத்துக்குச் சமம்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை வையுங்கள். இந்த வேலையைச் செய்திராத ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் தயங்கும் இடமெல்லாம் உங்கள் குறிப்பில் ஓட்டை. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, இன்சர்ட்டிலிருந்து மீடியத்தை எடுக்கும் இடத்தில் அந்த மாணவி பிப்பெட்டை நடுவில் வைத்து உறிஞ்சினார், செல்கள் அத்தனையும் பிய்ந்து வந்தன. நான் எப்போதும் தட்டைச் சாய்த்து ஓரத்திலிருந்துதான் எடுப்பேன். அப்படிச் செய்கிறேன் என்று எனக்கே அன்றுவரை தெரியாது.

உயிருள்ள தோலைத் தொலைதூரத்துக்கு அனுப்ப முடியுமா?

முடியும். சத்து கலந்த அகரோஸ் கூழின்மேல் இன்சர்ட்களை உட்கார வைத்து, மூடி, குளிர்பொதிகளோடு அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்ததும் உடனே சோதிக்கக் கூடாது. சூடான புது மீடியத்தில் வைத்து ஓர் இரவு இளைப்பாற விட வேண்டும். வெப்பநிலையைப் பதியும் சிறு கருவியைப் பெட்டிக்குள் போடுங்கள். எங்களுக்கு வந்த ஒரு பெட்டி வார இறுதியில் எங்கோ கிடங்கில் கிடந்து திங்கட்கிழமை வந்தது. திறந்தபோது தோல்கள் பார்க்க நன்றாகவே இருந்தன. பதிவுக் கருவியைப் பார்த்திராவிட்டால் சோதனை செய்து தவறான முடிவை எழுதியிருப்போம். வாரத்தின் முதல் நாட்களில் அனுப்புவதே நல்லது.

செல்களை அனுப்புவது இதைவிடச் சுலபம். உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தின் 10 சதவீதக் கரைசலில் நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் வைத்து, உலர்பனியில் அனுப்பலாம். வளர்ந்த தோலை முழுசாக உறையவைத்து உயிரோடு மீட்பது இன்னும் சிரமமான காரியம்.

எதை அனுப்பினாலும் முன்கூட்டியே மூன்று சோதனைகள் கட்டாயம்: நன்கொடையாளருக்கு எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி இல்லை என்பது, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இல்லை என்பது, செல் நீங்கள் சொல்லும் செல்தான் என்று எஸ்டிஆர் டிஎன்ஏ அடையாளம். மைக்கோபிளாஸ்மா மீடியத்தைக் கலங்க வைக்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, செல்சுவர் இல்லாததால் பென்சிலினுக்கும் மசியாது. ஒரு குப்பியோடு அது வந்துவிட்டால் இன்குபேட்டர் முழுக்கப் பரவிவிடும்.

ஒப்பந்தம், உரிமை எல்லாம் எப்படி?

செல் கைமாறும்போது பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் என்ற ஒன்றில் இரண்டு நிறுவனங்களும் கையெழுத்திடும். எதற்குப் பயன்படுத்தலாம், மூன்றாமவருக்குத் தரலாமா, வணிகம் செய்யலாமா என்பது அதில் இருக்கும். இது மாதக்கணக்கில் இழுக்கும். ஆய்வுத் திட்டம் எழுதும்போதே தொடங்கிவிடுங்கள். சம்மதப் படிவத்தில் இல்லாத உரிமையை ஒப்பந்தத்தில் கொடுக்க முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கடையில் வாங்கும் மாதிரிகள் இருக்கும்போது, செய்முறை எல்லோருக்கும் திறந்திருக்கும் மாதிரி எதற்கு?

எபிடெர்ம், எபிஸ்கின் போன்ற வணிக மாதிரிகள் தரமானவை, ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்பட்டு வரும். ஒழுங்குமுறைச் சோதனைக்கு அவைதான் சௌகரியம். ஆனால் உள்ளே என்ன மீடியம், யாருடைய செல் என்பது முழுக்கத் தெரியாது. நமக்கு வேண்டியபடி மாற்றவும் முடியாது. விற்பவர் நிறுத்திவிட்டால் ஆராய்ச்சியும் நின்றுவிடும். ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் தன் மேல்தோல் மாதிரியின் செய்முறையைத் திறந்துவைத்து, வேறு ஆய்வகங்களும் அதை வளர்த்துச் சரிபார்க்க வழிவிட்டது. ஒரு நிறுவனமே அப்படிச் செய்தது எனக்குப் பெரிய நம்பிக்கை தந்த விஷயம்.

மூன்று தோல் வளர்த்து மூன்றிலும் ஒரே முடிவு வந்தால் போதுமா?

மூன்றும் ஒரே நன்கொடையாளரின் செல் என்றால் நீங்கள் சோதித்தது ஒரே மனிதரை. மூன்று கிணறு மூன்று மனிதர் ஆகாது. கட்டுரையில் இதைத் தெளிவாக எழுதாதவர்கள் இன்னும் நிறையப் பேர்.

தீக்காயம் பட்டவருக்கு இந்தத் தோலையே ஒட்டலாமா?

ஆராய்ச்சி மாதிரியை ஒட்டக் கூடாது. சிகிச்சைக்கான தோல் தனித் தரக்கட்டுப்பாட்டில் வளர்வது. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். 1980களின் தொடக்கத்திலேயே உடலில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்த இரண்டு சிறுவர்களுக்கு, அவர்களுடைய செல்களிலிருந்தே வளர்த்த மேல்தோல் போர்த்தப்பட்டது. 2017இல் மிக்கேலே டி லூக்காவின் குழு, கொப்புளத் தோல் நோயால் மேல்தோலில் பெரும்பகுதியை இழந்த 7 வயதுச் சிறுவனுக்கு, மரபணு திருத்திய அவனுடைய செல்களிலிருந்தே வளர்த்த தோலால் உடலின் 80 சதவீதத்தை மூடியதாக அறிவித்தது. அந்தக் கட்டுரையைப் படித்த நாளன்று நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை.

முடியுள்ள தோலை வளர்க்க முடியுமா?

2020இல் கார்ல் கோலரின் குழு மனிதத் தண்டுச் செல்களிலிருந்து மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் நரம்புகளும் உள்ள சிறு தோல் உருண்டைகளை வளர்த்தது. நாலைந்து மாதம் பிடிக்கும், முடி உள்நோக்கி வளரும். தினசரிச் சோதனைக்கு இது இன்னும் ஏற்றதல்ல. ஆனால் முடி எப்படித் தோன்றுகிறது என்று பார்க்க இப்படி ஒரு ஜன்னல் முன்பு இருந்ததில்லை.

நான் புதிதாகத் தொடங்குகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேல்தோல் மட்டும் உள்ள மாதிரியிலிருந்து. அடித்தோல், நிறமி, நோய் எல்லாம் பிறகு. ஏற்கெனவே வளர்க்கும் ஓர் ஆய்வகத்துக்குப் போய் இரண்டு வாரம் கூட இருங்கள். விதைப்பதையும் காற்றுக்குத் தூக்குவதையும் நேரில் பாருங்கள். திரும்பி வந்து முதல் மூன்று முறை எந்தப் பொருளையும் சோதிக்காமல் வளர்க்க மட்டும் செய்யுங்கள். தேறாமல் போன ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தேதியும் லாட் எண்ணும் எழுதி, உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் குறிப்பில் அடுத்த திருத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.